ட்ரெவரை எடுக்காதீங்க!

"ட்ரெவர் ஹோர்வாத்தை மட்டும் எடுத்துடாதீங்க!"

கென் செட்லாக் இதைச் சொன்னது கைப்பேசியில், ரேடியோ நேரலைக்கு. க்ளீவ்லாண்டின் அமெரிக்கக் கால்பந்து அரட்டை நிகழ்ச்சி அது.

"இருங்க, இருங்க," என்றான் அறிவிப்பாளன் ஸ்டூ. "பேசறது பார்மா ஏரியாவுலேர்ந்து நம்ம பார்மா கென் தானே? பனிக்காலம் பூரா 'ட்ரெவரை எடு, ட்ரெவரை எடு'ன்னு என் காதுல ரத்தம் வர வெச்ச அதே பார்மா கென்?"

"அதே ஆள்தான்."

"காலைல என்ன குடிச்சீங்க தலைவரே?"

கென் சிரிக்கவில்லை. தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்டூ, விளையாடாதே. போன வருஷம் நம்ம பையன் பந்தை எறியக் கையைத் தூக்கறதுக்குள்ள நாலு தடியனுங்க அவன் மேல உட்கார்ந்திருந்தானுங்க. ஏன்? அவனைக் காப்பாத்தற முன்வரிசை முழுக்க ஓட்டை. கூரை ஒழுகற வீட்டுக்கு எவனாவது புது சோபா வாங்குவானா? அயோவாவுல முன்வரிசைக்கு ஒரு பையன் இருக்கான், மலை மாதிரி. அவனை எடு. இல்லையா, நம்ம முறையை வேற டீமுக்குக் கொடுத்துட்டு, பின்னாடி வர ரெண்டு முறையை வாங்கிக்க. ஓடி வரவனை மோதிச் சாய்க்க நம்மகிட்ட ஏற்கெனவே மூணு பேர் இருக்கான். நாலாவதா ட்ரெவர் எதுக்கு?"

"இதையேதான் போன வாரம் நான் சொன்னேன். என்னைத் 'தொப்பி போட்ட கழுதை'ன்னீங்க."

"நீ சொன்னதுதான் சரி."

"அம்மாடி! யாராவது ரெக்கார்ட் பண்ணி வைங்கப்பா! சரி தலைவரே, டீம் மேனேஜர் ஹாலோரன் பேனாவும் பேப்பருமா உட்கார்ந்து நீங்க சொன்னதை எழுதிட்டிருக்காராம். அடுத்து யாரு?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டிராஃப்டின் மூன்றாம் நாள் அது. கல்லூரிகளில் ஆடிய பையன்களை முப்பத்திரண்டு அணிகளும் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் திருவிழா. பெரிய பெயர்கள் எல்லாம் முதல் இரண்டு நாளில் போய்விட்டன. ட்ரெவரின் பெயர் இன்று மதியம் நிச்சயம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதிலும் உள்ளூர் அணியே எடுக்கும் என்று பலமான பேச்சு.

ட்ரெவர் கென்னின் தங்கை மகன். குடும்பப் பெயர் வேறு என்பதால் ரேடியோக்காரர்களுக்கு அது தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வரை கென்னுக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை. அன்று ஏரிக்கரை நெடுஞ்சாலையில் கென்னின் வண்டியை ட்ரெவர் ஓட்டிக்கொண்டு வந்தான். பேச்சு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால் பையனின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவன் எதையும் பார்க்கவில்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாக, பக்கத்தில் போன டேங்கர் லாரியை நோக்கிச் சாய்ந்தது. கென் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். ஓரமாக நின்ற பிறகு ட்ரெவர் கேட்டான்: "மாமா, நாம எங்க போயிட்டிருக்கோம்?"

இது முதல் முறை இல்லை என்பது பிறகு தெரிந்தது. நவம்பரில் ஒரு ஆட்டத்தில் தலையோடு தலை மோதியதிலிருந்து இப்படித்தானாம்.

"தூக்கம் பத்தலை, அவ்வளவுதான். டாக்டருங்க டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணிட்டேன் மாமா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா, அதோட நாம பேசறது கட். சத்தியம் பண்ணு."

கென் சத்தியம் செய்தார். அன்று முதல் தூக்கம் இல்லை. இன்னொரு முறை அதே மாதிரி மோதினால்? அவனுக்கு ஆறு வயதில் முதல் ஹெல்மெட் வாங்கி மாட்டிவிட்டது அவர்தான். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல முடியவில்லை. தெரிந்த ஒரே வழியில் முட்டிப் பார்த்தார். ரேடியோவில் போய்க் கருத்துச் சொன்னார்.

வண்டியை விட்டு இறங்கி உள்ளே போனார்.

கீழ்த்தளத்தில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. மேஜை நிறைய கில்பாஸா தொத்திறைச்சி, பியரோகி கொழுக்கட்டை, பியர். சொந்தக்காரர்கள், பழைய பயிற்சியாளர், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நிற்க இடமில்லை. ட்ரெவரின் அப்பா கேரி படியிலேயே வழியை மறித்தான்.

"வா மச்சான். சமையலறையில ரேடியோ ஓடிட்டிருந்தது. கேட்டோம்."

கென் ஒதுங்கி இறங்கப் பார்த்தார். கேரி விடவில்லை.

"சொந்த மருமகனை வேண்டாம்னு ஊர் பூரா கத்தற ஒரே ஆள் நீதான்யா. என்ன, அந்த அயோவா மலை உனக்குச் சம்பளம் தரானா?"

"கேரி, டீமோட நிலைமையைப் பார்த்து..."

"டீமாம் டீமு! நீ ஓட்டறது பனி தள்ற லாரி. பேச்சென்னவோ டீமுக்கே சொந்தக்காரன் மாதிரி."

"விடுங்கப்பா," என்று சிரித்தான் ட்ரெவர். "மாமா சூனியத்தைக் கழிக்கறாரு. அவர் ஒருத்தனை வேணும்னு சொன்னா டீம் எப்பவாவது எடுத்திருக்கா? அதான் வேணாம்னு சொல்லிப் பார்க்கறாரு. அப்படித்தானே மாமா?"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். ட்ரெவர் மட்டும் சிரித்த வாயோடு கென்னையே பார்த்தான். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான். சத்தியம்.

தங்கை ரெனீ ஒரு தட்டில் நாலு பியரோகியை வைத்து அண்ணன் கையில் திணித்தாள். "சாப்பிடு கென்னி. முகமே சரியில்ல. எனக்கும்தான் பயமா இருக்கு. ஃபோன் வராமப் போயிட்டா என்ன பண்றது?"

அவளிடம் என்ன சொல்வது? அந்த வீட்டில் அத்தனை பேரும் ஃபோன் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். வரக்கூடாது என்று வேண்டிய ஒரே ஆள் கென்.

அணி ஒருவனை எடுப்பதற்குச் சற்று முன்பு அவனுக்கே அழைப்பு வரும். அதன் பிறகுதான் டி.வி.யில் பெயர். அதனால், வேறு மணி அடித்துக் குழப்பாதபடி வீட்டில் எல்லோருடைய ஃபோனையும் கேரி அணைக்கச் சொல்லியிருந்தான். ட்ரெவரின் கைப்பேசி மட்டும் மேஜை நடுவில், கெட்ச்சப் பாட்டிலில் சாய்ந்து நின்றது.

திடீரென்று அது அடித்தது.

ரெனீ வாயைப் பொத்திக்கொண்டாள். கென்னின் தட்டு சரிந்து ஒரு பியரோகி தரையில் விழுந்தது. ட்ரெவர் எடுத்து, "ஹலோ சார்!" என்றான். கேட்டான். முகம் மாறியது.

"ஏதோ கம்பெனி விளம்பரமாம். கூரை மாத்தணுமான்னு கேக்கறாங்க."

"உன் மாமனுக்குக் குடு. கூரை, சோபான்னு அவன்தான் காலைல பேசிட்டிருந்தான்!" என்று கேரி கத்த, சிரிப்பில் கீழ்த்தளம் அதிர்ந்தது.

டி.வி.யில் பெயர்கள் ஓடின. உள்ளூர் அணியின் முறை நெருங்கியது. "ஒரு நிமிஷம், முகம் கழுவிட்டு வரேன்," என்று ட்ரெவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

திரும்பி வரவில்லை.

டி.வி.க்காரன், "அடுத்தது க்ளீவ்லாண்ட்!" என்றான். கூட்டம் கூச்சல் போட்டது. கென் யாரும் கவனிக்காமல் படியேறினார். ஏற ஏற மேலே மணியடிக்கும் சத்தம் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. ஏன் எடுக்கவில்லை?

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. ட்ரெவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசி அவன் உள்ளங்கையில் அடித்து அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் அதை, இது என்ன சாமான் என்று தெரியாதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ட்ரெவர்?"

பதில் இல்லை. கென் அவன் கையிலிருந்து ஃபோனை எடுத்தார். உள்ளூர் எண். அப்படியே விட்டால் நின்றுவிடும். ஆனால் பையனுக்குத் தெளிந்ததும் அவனே திருப்பி அழைப்பான். கென் பொத்தானை அழுத்தினார்.

"ட்ரெவர்! டக் ஹாலோரன் பேசறேன். நம்ம ஊர் சட்டையைப் போட்டுக்க ரெடியா?"

முப்பது வருடமாகக் கென் ரேடியோவில் திட்டித் தீர்த்த மேனேஜர் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் ஆள். அவருடைய குரல் காதுக்குள்.

"சார், நான் அவன் மாமா. அவனை எடுக்காதீங்க. அவன் தலையில அடிபட்டிருக்கு. நினைவு தப்பித் தப்பிப் போகுது. இப்பக்கூட..."

"ஒரு நிமிஷம்." ஹாலோரனின் குரல் இறுகியது. "இந்தக் குரல் எனக்குத் தெரியுமே. எங்க ஆபீஸ்ல தினம் உங்க ரேடியோதான் ஓடும். பார்மா கென் தானே நீங்க?"

கென் குழாயை மூடினார்.

"ஆமா சார், ஆனா..."

"காலைல முன்வரிசைன்னீங்க. அயோவா பையன்னீங்க. இப்ப இது. அந்த ஒருத்தனை எடுக்க வைக்க இவ்வளவு தூரம் பொய் சொல்வீங்களா? அவன் ஃபோன் உங்க கைக்கு எப்படி வந்தது? எங்க டாக்டருங்க அவனைப் பார்த்துட்டாங்க. நேரம் ஓடுது. அவன்கிட்ட குடுங்க."

"சார், சத்தியமா சொல்றேன்..."

"அவன்கிட்ட குடுங்க!"

மூன்று மாதம் பேசிய பேச்செல்லாம் இப்போது கென்னின் கழுத்தைப் பிடித்தது. இதையும் ஒரு ரசிகனின் கருத்தாகத்தான் எடுத்துக்கொள்கிறார். ட்ரெவரின் இமைகள் அசைய ஆரம்பித்தன. தெளிகிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனே, "நான்தான் சார், ரெடி சார்," என்று சொல்லிவிடுவான்.

கென் ஒலிபெருக்கியைப் போட்டு, ஃபோனை அவன் வாயருகே பிடித்தார்.

"ட்ரெவர். இன்னிக்கு எதுக்குடா கீழே இவ்வளவு கூட்டம்?"

பையன் மெதுவாகத் திரும்பினான். யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

"யாருக்கு மாமா பிறந்தநாள்?" என்றான். "கேக் வெட்டிட்டாங்களா?"

மறுமுனையில் யாரோ நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு ஹாலோரன் பேசியபோது அது வேறு ஆளின் குரல் மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உடனே."

ஃபோன் அணைந்தது. கென் திரும்பினார். கதவருகே ரெனீ நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முகத்தில் ரத்தமே இல்லை.

கீழே டி.வி.யில் ஒரு பெயர் வாசிக்கப்பட்டது. கூட்டம் "ஊ...!" என்று ஊளையிட்டது. கேரியின் குரல் அதற்கு மேல் கேட்டது: "அயோவாவா! அடப் பாவி மச்சான், வாயை வெச்சு நாசம் பண்ணிட்டியே!"

அந்தச் சத்தம்தான் ட்ரெவரை முழுதாக எழுப்பியது. அவன் ஃபோனைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

"ஃபோன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நீ எடுத்தியா? சொல்லிட்டியா?" எழுந்தவன் கென்னின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். ஆட்களைச் சாய்த்தே பழகிய கைகள். கென்னின் மூச்சு நின்றது. "சத்தியம் பண்ணினே இல்ல? என் வாழ்க்கையைக் கொன்னுட்டே. இனி என் முகத்துல முழிக்காதே. செத்தாலும் நீ வராதே!"

"ட்ரெவர், விடு!" ரெனீ கத்தினாள். "கார்ல ஏறு. ரெண்டு பேரும் ஏறுங்க."

வீட்டுச் செருப்போடு, சமையல் ஏப்ரனோடு அவள் காரை எடுத்தாள். அவளிருந்த இருப்பில் கேரிகூட எதிரே நின்று காரணம் கேட்கத் துணியவில்லை. பின்சீட்டில் ஒரு ஓரத்தில் ட்ரெவர், மறு ஓரத்தில் கென். பையன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தாடை இறுகியிருந்தது. கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

பரவாயில்லை, என்று கென் தனக்குள் சொல்லிக்கொண்டார். திட்டட்டும். பத்து வருடம் பேசாமல் இருக்கட்டும். உயிரோடு இருந்து வெறுக்கட்டும்.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. ட்ரெவர் திரும்பினான். தாடை தளர்ந்திருந்தது. கண்ணில் துளிக் கோபம் இல்லை. சின்னப் பையனாக இருந்தபோது சிரிப்பானே, அதே சிரிப்பு.

"மாமா," என்றான் ஆசையாக. "நம்ம டீமோட முறை வந்துடுச்சா?"

பின்பார்வைக் கண்ணாடியில் ரெனீயின் கண்கள் கென்னின் கண்களைச் சந்தித்தன. விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருந்தது. அவள் ஹாரனில் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, காரை ஆஸ்பத்திரியை நோக்கி நேராக விட்டாள்.