நுரை அடங்கியது, சவ்வு அடைத்தது

கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டில் பிறந்தவளிடம் பொங்கும் நுரையைக் காட்டினால் என்ன செய்வாள்? ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விடுவாள். கிறிஸ்டியும் விட்டாள். ஆனால் பொங்கியது பதநீர் இல்லை.

தென்காசியில் அவளும் கணவன் ஜஸ்டினும் நடத்துவது புரதப்பொடிக் கம்பெனி. பன்னீர்க்கட்டி எடுத்தபின் மிஞ்சும் பால்தண்ணீரைச் சவ்வுக்குழாயில் ஓட்டினால் தண்ணீர் கசிந்து வெளியேறும், புரதம் உள்ளே தங்கும். அதைப் பொடியாக்கினால் ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் கலக்கிக் குடித்துவிட்டுக் கையை மடக்கி மடக்கிப் பார்ப்பார்கள். அந்த ஜிம்களுக்கெல்லாம் சரக்குப் போடும் கேரளத்துப் புனலூர் மாஜிதா, மிஷின் ஓடுவதை நேரில் பார்க்க அன்று வருகிறாள். அவள் தலையசைத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மறுபடியும் கருப்பட்டிதான்.

பால்தண்ணீரில் பொங்கிய நுரை, மாமனாரைக் கண்ட புதுமாப்பிள்ளையாக அடங்கியது. கூடவே சவ்விலிருந்து வந்த தண்ணீரும் நூலாகி, சொட்டாகியது.

"ஏட்டி, வரமாட்டேங்குதே!" ஜஸ்டின் அழுத்தத்தைக் கூட்டினான். சொட்டு யோசித்து யோசித்து விழுந்தது. இன்னும் கூட்டினான்.

"நிறுத்துங்க! சீசன்ல அருவிக்கரையில ஆளைத் தள்ளுத மாதிரில்லா தள்ளுதிய. புரதம் பூரா சவ்வுமேல அப்பிக்கிட்டு நிக்கி. தள்ளத் தள்ள இறுகத்தான செய்யும்?"

"எண்ணெய ஊத்தி ஒட்டவச்சது யாரு?"

"அந்தச் சண்டையப் பொறவு போடுவோம்."

போன் அடித்தது. மாஜிதா.

"சேச்சி, குற்றாலத்துல நல்ல சாரல். ஒரு குளி குளிச்சிட்டு வரட்டே?"

"தாராளமா! எண்ணெ தேய்க்க ஆளும் அங்கன உண்டு. அவசரமே படாதிய!"

எண்ணெய் கலந்த பால்தண்ணீரை வடித்துக் கொட்டினார்கள். காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரை அழுத்தம் குறைத்து, வேகம் கூட்டிச் சுற்றவிட்டார்கள். குழாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏடு உரிந்து வந்தது. தரையெல்லாம் நுரை. ஜஸ்டின் வழுக்கி விழுந்த நேரம் பார்த்து, ஈரத்தலையோடு மாஜிதா உள்ளே வந்தாள்.

"இது எந்தா?"

நாக்கு நுனிவரை வந்த பொய்யை கிறிஸ்டி விழுங்கினாள். "சவ்வு அடைச்சிட்டு. என் தப்புதான். கழுவுதோம்."

"அடைக்குமோ? இப்ப சரக்குத் தர்றவர் அடைக்கவே அடைக்காதுன்னாரே."

"அப்படின்னா அவரு மிஷின ஓட்டவே இல்ல."

மாஜிதா பக்கென்று சிரித்தாள். நல்ல தண்ணீர் விட்டு அலசி, புதுப் பால்தண்ணீரை ஊற்றி, ஜஸ்டின் மெல்ல அழுத்தம் கொடுத்தான். தண்ணீர் சலசலவென்று கொட்டியது. மாஜிதா அதில் கையை நீட்டினாள், வெகுநேரம் பார்த்தாள், பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"விலை கூடுதல், சேச்சி. குறைக்கணும்."

கிறிஸ்டிக்குப் போன உயிர் வந்தது. வாங்காதவள் எதற்கு விலையைக் குறைக்கச் சொல்லப்போகிறாள்? துள்ளிய மனசை அடக்கி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நாயமாப் பேசணும். உக்காருங்க."