ஒரு பேட்டருக்கு மட்டும்

ஹிஸுமே தகுரோவின் வேலை பெரும்பாலும் ஒரே பேட்டரோடு முடிந்துவிடும். ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் எதிரணியின் இடதுகை ஆட்டக்காரர் மட்டையோடு வரும்போது, ஜப்பானின் ஒகயாமா கிரேன்ஸ் பேஸ்பால் அணி தன் இடதுகைப் பந்துவீச்சாளரான அவரை இறக்கும். நான்கைந்து பந்துகள் எறிவார். பிறகு வேறொருவர் வந்து பந்தை வாங்கிக்கொள்வார். பதினாறு ஆண்டுகளில் இப்படி ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள்.

களத்தில் தெரிந்தது இவ்வளவுதான். பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில், தோளைச் சூடேற்றும் கூடத்தில், தொலைபேசி அடித்ததும் எழுந்து இருபது பந்து எறிவார். ஆட்டம் வேறு பக்கம் திரும்பும், உட்காரச் சொல்வார்கள். அரைமணியில் மறுபடி அடிக்கும். ஒரு ஆட்டத்துக்கு மூன்று உள்சட்டை நனையும், சில நாள் களத்துக்கே போகாமல். அந்தப் பந்துகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. முழங்கைக்குத்தான் தெரியும்; அதில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

செப்டம்பரில் அணி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வரச் சொன்னபோதே விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை. ஓய்வு என்று அறிவித்தால், சொந்த மைதானத்தின் கடைசி ஆட்டத்தில் விடைபெற ஒரு பேட்டர், அதன்பின் புதிய வீரர்களைத் தேடும் பிரிவில் வேலை. ஹிஸுமே தலையாட்டிவிட்டு வந்தார்.

மூன்று நாள் கழித்து முனகாதா போன் செய்தார். முன்பு அதே கூடத்தில் பக்கத்தில் நின்று எறிந்தவர். இப்போது வடக்கே அகிதா அணியில் பயிற்சியாளர்.

"டேய், எங்களுக்கு ஒரு எடக்கை ஆள் வேணும்டா. ஒன் ஸ்லைடர் இன்னும் விழுதா?"

"விழுதுன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனப்பெல்லாம் வேணாம். விழுதுன்னா வா, மேல நான் பேசிக்கிறேன். விழாதத விழுதுன்னு சொல்லி எம் மானத்த வாங்காத. ஞாயித்துக்கெழம ராத்திரிக்குள்ள சொல்லு."

ஓய்வுக் காகிதத்தில் ஹிஸுமே இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வார்த்தை மாறினால் நாலு பேர் பேசுவார்கள், அது பெரிதில்லை. பந்து விழுகிறதா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. நேராக வருவது போல வந்து, மட்டைக்கு முன்னால் சட்டென்று வெளிப்பக்கம் சரிந்து கீழே இறங்கும் அந்த ஸ்லைடரை வைத்துத்தான் பதினாறு ஆண்டு சாப்பிட்டார். அந்த ஆண்டு முழுக்க, இளம் வீரர்கள் பழகும் இரண்டாம் அணியில் கிடந்தார். அங்கே இருந்த பையன்கள் எதைப் போட்டாலும் சுழற்றினார்கள். கூடத்தில் பந்து பிடிக்கும் கேட்ச்சர், கையுறையில் 'டப்' என்று சத்தம் வரும்படி பிடித்து, "அருமைண்ணே" என்பார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

விடைபெறும் ஆட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் நேர்ப்பந்து மட்டும் எறிவார். எதிரணி பேட்டர் மூன்று முறையும் முழு வேகத்தில் சுழற்றி, பந்தைத் தொடாமல் அவுட்டாகி வெளியேறுவார்.

ஞாயிறன்றுதான் அந்த ஆட்டம். மதியம் பயிற்சியாளர் ஒரிபே கூடத்துக்கு வந்தார். "ஏழாவது இன்னிங்ஸ். நீகாத்தாவோட அமாகசுதான் ஆடுறான். நல்ல பையன். மூணு நேர்ப்பந்து போடு, கண்ணத் தொடச்சுக்க, வந்துடு."

"அவன நெஜமா ஆடச் சொல்ல முடியாதா, கோச்?"

"யாருகிட்டப் போய்ச் சொல்றது? சாவு வீட்ல ஊதுவத்தி மட்டம்னு சொல்ற மாதிரி இருக்கும்."

முதல் பந்து மணிக்கு நூற்று முப்பத்தோரு கிலோமீட்டர். அமாகசு அதற்கு ஒரு சாண் மேலே சுழற்றினான். இரண்டாவதும் அப்படியே. கூட்டம் ஒரே தாளத்தில் கைதட்டியது.

மூன்றாவதற்கும், மட்டைக்குப் பின்னால் குந்தியிருந்த கேட்ச்சர் ஒரு விரலைக் காட்டினார்: நேர்ப்பந்து. ஹிஸுமே தலையசைத்து மறுத்தார். மறுபடி ஒரு விரல், மறுபடி மறுப்பு. கேட்ச்சர் தங்கள் அணியின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு விரல்களை மாற்றினார்.

ஹிஸுமே ஸ்லைடரை எறிந்தார். அமாகசு சுழற்றினான். மட்டையில் மந்தமாக ஒரு சத்தம். பந்து உள்வட்டத்தில் நின்ற தடுப்பாளர்களின் தலைக்கு மேலே மெதுவாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. அமாகசு முதல் தளத்துக்கு ஓடி நின்று தலைக்கவசத்தைக் கழற்றினான். "ஏம்ப்பா, ஒனக்கு வேற நாளே கெடைக்கலையா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்தார்கள்.

ஒரிபே பந்து எறியும் மேட்டுக்கு வந்தார். "இன்னொருத்தனுக்குப் போடுறியா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வேணாம் கோச். ஒரு ஆளுன்னுதான பேச்சு." பந்தைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

ஆட்டம் முடிந்ததும் பூங்கொத்து வந்தது. சக வீரர்கள் அவரை மூன்று முறை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். குளிக்கும்போது ஹிஸுமே யோசித்துப் பார்த்தார். பையன் உண்மையாகவே ஆடியிருக்கிறான். ஆடியும் மட்டையின் நுனியில்தான் பட்டது. நல்ல ஸ்லைடருக்கும் அப்படி ஒன்று நேரும். முனகாதாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடு தலையைத் துவட்டினார்.

வெளியே நடைபாதையில் அமாகசு தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். இடுப்பு வரை குனிந்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. வேணும்னு அடிக்கல."

"அடிச்சா என்ன? ஆட்டம்தான."

"இல்லண்ணே, நீங்க மாட்டேன்னு தலையாட்டுனதுமே ஸ்லைடர்னு தெரிஞ்சுபோச்சு. அதத் தொட்டுடக் கூடாதுன்னுதான் மேல சுத்தினேன். ஒங்க பந்து எப்டி விழும்னு வீடியோல எத்தன வாட்டி பாத்திருக்கேன். எப்டியும் கீழ போயிடும்னு..."



"எவ்வளவு கீழ போகும்னு நெனச்ச?"

"விடுங்கண்ணே," என்றான் அமாகசு.

"காட்டுறா. கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் ஒரு கைக்குக் கீழே இன்னொரு கையைப் பிடித்துக் காட்டினான். நடுவில் ஒரு சோற்றுக் கிண்ணம் நிற்கும்.

"எவ்வளவு விழுந்துச்சு?"

கீழே இருந்த கை மெல்ல ஏறி மேல் கையை ஒட்டி நின்றது. "நாந்தாண்ணே இன்னும் மேல சுத்தியிருக்கணும்."

"சரி போ. ஒங்க பஸ் கெளம்பிடப் போகுது."

கார் நிறுத்துமிடத்துக்குப் போய் முனகாதாவுக்குப் போன் செய்தார்.

"விழல."

"யாரு சொன்னா?"

"அடிச்சவனே சொன்னான்."

முனகாதா, "அப்ப எனக்கு எடக்கை ஆளுக்கு வழி சொல்லு" என்றார்.

அதே வாரத்தில் கோட்டுப் போட்டு வரச் சொல்லப்பட்ட இன்னொரு இடதுகைப் பந்துவீச்சாளர் இருந்தார், இருபத்தேழு வயது. ஹிஸுமே அவர் பெயரைச் சொன்னார்.

"அவனுக்கு விழுதா?"

"விழுது. வருஷம் பூரா பக்கத்துல நின்னு பாத்தேன்."