பிளிண்ட் நகரமும் ராஜபாளையம் ஜவுளிக்கடையும்

ராஜபாளையத்தில் சுந்தரபாண்டியனின் ஜவுளிக்கடையில் சேலை விற்கும் ஷமீமா, தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்துவந்தாள். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றுப் பாடத்தில் பிளிண்ட் என்ற ஊர் வந்தது. அங்கே வேலைநிறுத்தம் செய்த கார் கம்பெனித் தொழிலாளர்கள் வெளியே போய்க் கொடி பிடிக்காமல், உள்ளேயே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு ஆள் வைத்து வேலை வாங்க முடியாமல் கம்பெனி இறங்கிவந்தது.

மதியச் சாப்பாட்டின்போது அவள் இதைச் சொல்ல, கூட வேலை பார்க்கும் மாரிக்கனி நின்று நின்று வீங்கிய காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிய ஸ்டூல்கள், உறைகூடப் பிரிக்காமல் மாடியில் கிடந்தன.

சாயங்காலம் கூட்டம் ஏறியதும் விற்பனைப் பெண்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் சுந்தரபாண்டியன்.

"அமெரிக்காவுல சட்டம் இல்லாமலே உக்காந்தாவ அண்ணாச்சி. நமக்குச் சட்டமே இருக்கு" என்றாள் ஷமீமா.

செட்டியார்பட்டியிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பம், இதுதான் கடை வழக்கம் போலும் என்று எதிரே உட்கார்ந்துகொண்டது. பெண்ணின் தாய் மேல் தட்டிலிருந்த பச்சையைக் கேட்டாள். அண்ணாச்சியே எடுத்தார். பிறகு நீலம், பிறகு மஞ்சள், மறுபடியும் பச்சை.

"அதுக்குக் கீழ மயில்கழுத்துக் கலர் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, அதையும் காட்டுங்க" என்று மாரிக்கனி உட்கார்ந்தபடியே உதவினாள்.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி, இரண்டு கைகளிலும் ஸ்டூல்களோடு இறங்கினார். முதல் ஸ்டூலில் அவரே உட்கார்ந்தார்.

"செத்த நேரம் இருங்கம்மா. மிச்ச ஸ்டூலைப் பொறவு நீங்களே எடுத்துக்கிடுங்க."