மூன்றாம் எண் நாற்காலி

விடியற்காலை ஐந்தரைக்கே ஒன்பதாம் மாடியில் பினாயில் நெடி தலைக்கேறியது. அண்ணி மண்டிபோட்டு, தரையில் ஒட்டிக் கிடந்த பசைத்துளிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தகட்டுக்கு மசியாததை நகத்தால் பெயர்த்தாள். விரல்நுனிகள் வெந்து, தோல் உரிந்து, இப்போதெல்லாம் எதுவும் உறைப்பதில்லை. உறைக்காததும் ஒருவகையில் நல்லதுதான் என்று இருந்துவிட்டாள். முறைப்படி அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டியவள் அவள் புருஷனின் தங்கை ஒருத்திதான். ஆறு பேர் கொண்ட துப்புரவுக் கூட்டத்தில் அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

அந்த மாடியில்தான் அலுவலக ஊழியர்களுக்கான புது ஓய்வுக்கூடம் தயாராகிக்கொண்டிருந்தது. அடேயப்பா, என்ன ஓய்வு! சுவரெல்லாம் செடி, கூரையில் வானம் மாதிரி விளக்கு, உடம்புக்கு வளைந்து கொடுக்கும் பன்னிரண்டு வெள்ளை நாற்காலிகள். யாராவது உட்கார்ந்தால் எத்தனை நிமிஷம் என்று நாற்காலியே குறித்து வைத்துக்கொள்ளுமாம். இருக்கட்டும், வேலை செய்கிற மனுஷருக்கு ஓய்வு வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அந்தக் கூடத்துக்குக் குளிர்காற்று அனுப்பும் இயந்திரத்தைப் படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்களே, அது இந்த ஆறு பேரும் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்த இடம். போன மாதத்திலிருந்து கழிப்பறைக் கதவோரம் நின்றபடியே சாப்பிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அதுவும் பழகிப்போயிற்று.

அந்த ஆறு பேரில் ஒருத்தியான நாத்தனாருக்கு ஏழாம் மாதம். இன்னும் ஐந்து வாரம் தாக்குப்பிடித்தால் பிரசவ விடுப்பு கிடைக்கும். அதற்குமுன் நிறுத்திவிட்டால் விடுப்பும் இல்லை, பிள்ளையோடு திரும்பி வர வேலையும் இல்லை.

அன்று ஐந்தே முக்காலுக்கு அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“அண்ணி, தலை சுத்துது.”

“சுவத்தப் பிடிச்சிட்டுக் கொஞ்சம் நில்லு” என்றாள் அண்ணி, நிமிராமலே.

சுவரெல்லாம் செடி. எதைப் பிடிப்பது? நாத்தனார் தள்ளாடிப் போய் மூன்றாம் எண் நாற்காலியருகே நின்றாள். உட்காருமுன் ஒரு காரியம் செய்தாள். வெள்ளை உறை அழுக்காகிவிடுமே என்று தோளில் கிடந்த துடைக்கிற துணியை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தாள். துப்புரவுக்காரியைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் புத்தி வராது. துணியோ ஈரம்.

எட்டரை மணிக்குக் கூடத்தின் வடிவமைப்பாளர், துப்புரவுக் காண்டிராக்டரோடு வந்தார். கையில் டேப்லெட், முகமெல்லாம் பல். கெட்ட மனுஷர் இல்லை.

“சார், இங்க பாருங்க! மூணாம் நம்பர்ல காலையிலேயே யாரோ பதினோரு நிமிஷம் உக்காந்திருக்காங்க. இன்னும் திறக்கவே இல்ல, அதுக்குள்ள பிடிச்சுப்போச்சு!”

காண்டிராக்டருக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. நாற்காலியருகே குனிந்தார். உறையில் துணி அளவுக்குச் சதுரமாக ஒரு பழுப்புக் கறை, பினாயில் வாடையோடு.

“யாரு உக்காந்தது?”

“நான்தான் சார். மயக்கமா வந்துச்சு” என்றாள் நாத்தனார். “அழுக்காகக் கூடாதுன்னு துணி போட்டுத்தான் உக்காந்தேன்.”

“பெரிய உபகாரம்!” அவர் அண்ணி பக்கம் திரும்பினார். “நீதான இங்க பழைய ஆளு? அவ கழுத்துல இருக்கிற அடையாள அட்டையக் கழட்டி வாங்கு. நாளையிலேருந்து வர வேண்டாம்.”

வடிவமைப்பாளரின் சிரிப்பு செத்துவிட்டது. “சார், நான் அதுக்காகச் சொல்லல...”

“நாற்காலி உங்க வேலை. ஆளுங்க என் வேலை.”

அண்ணியின் கை தானாகவே போனது. இருபது வருஷமாகச் சொன்னதைச் செய்தே பழகிய கை. அட்டையின் கயிறு நாத்தனாரின் காதில் சிக்கிக்கொண்டது. அவள் தடுக்கவில்லை. கழற்றுவதற்கு வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தாள். அந்தக் குனிவுதான் அண்ணியை என்னவோ செய்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்கூட வரவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சுவரைப் பிடிக்கச் சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது. கயிற்றைக் காதிலிருந்து விடுவித்து, மறுபடி கழுத்தில் சரியாகப் போட்டுவிட்டாள்.

“என்னால ஆகாது சார்.”

“என்ன சொன்ன?”

“கழட்ட மாட்டேன். படிக்கட்டுக்கு அடியில இருந்த இடத்தையும் எடுத்துட்டீங்க. மாசமா இருக்கிறவ எங்க உக்காருவா? நீங்களே சொல்லுங்க, அங்க கூட்டிட்டுப் போறேன்.”

“வேலை செய்ய வந்தீங்களா, உக்கார வந்தீங்களா?”

“வேலைக்குத்தான் வந்தோம். வேலை செய்யிற உடம்புதான் கொஞ்சம் உக்காரணும்னு கேக்குது.”

“வாய் நீளுதே! ஆறு பேரையும் வெளிய அனுப்பிடுவேன். வாசல்ல ஆள் வரிசையா நிக்குது.”

அண்ணி, தான் சுரண்டிச் சுத்தமாக்கிய தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எப்படி உட்கார்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மற்ற நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடி துடைப்பவள்தான் முதலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என் முட்டி போயே போச்சு அண்ணி. எழுந்திருக்கணும்னா நீங்கதான் தூக்கி விடணும்.”

பின்னாலேயே மற்ற மூவரும் வந்தார்கள். கடைசி நாற்காலிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த தச்சரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “நானும் ரெண்டு வாரமா நின்னுட்டேதான் சாப்பிடறேன்” என்று முனகிக்கொண்டே ஓரமாக உட்கார்ந்தார்.

நாத்தனாரும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தரைக்குக் குனிந்தாள்.

“நீ எங்கடி குனியிற? மேல உக்காரு” என்று நாற்காலியைக் காட்டினாள் அண்ணி.

காண்டிராக்டர் வேறு ஆட்களை அனுப்பச் சொல்லிப் போனில் கத்திக்கொண்டிருந்தார். ஒருவரும் அசையவில்லை. ஒன்பது மணிக்கு லிப்ட் திறந்தது. புதுக்கூடத்தை எட்டிப் பார்க்க வந்த அலுவலகத்துப் பெண்ணொருத்தி, தோளில் பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க ஆச்சு?”

“இன்னும் ஒண்ணும் ஆகலம்மா. ஆகுற வரைக்கும் உக்காந்திருப்போம்” என்ற அண்ணி, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.