மொக்கம்மாள் இல்லாமலே போன நடை

மொக்கம்மாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, விடிகாலை ஐந்து மணிக்கு அவளுடைய நடை மட்டும் தனியாகக் கிளம்பிப் போய், ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்தது. வாசலில் கிடந்த கறுப்பு மெத்துச் செருப்புகள் இரண்டும் இடது வலது என்று எடுத்து வைத்துத் தெருவில் இறங்கின. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, போடி ரோட்டில் பதினெட்டாவது கரண்டுக் கம்பம் வரை போய்த் திரும்பின. டீக்கடை ஈஸ்வரன் பார்த்தான், பால்காரர் பார்த்தார். தெருநாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. அவற்றுக்குப் பழகிய நடைதான் அது.

சிலமலை ஊரில் மொக்கம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தெட்டு வருடம் தினமும் ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே போய் ஏலக்காய் எடுத்தவள். இரண்டு கையாலும் எடுப்பாள், வாய் மட்டும் ஓயாது. போன வருடம் மழைக்காலத்தில் கால் சுண்டுவிரலில் அட்டை கடித்த புண் ஆறவே இல்லை. போடியில் டாக்டர் சுகன்யா விரலை எடுத்தார். புண் ஆறிய பிறகு, சித்திரை மாதத்தில், ஒளிக்காமல் சொன்னார்: "விரலோட போச்சுன்னு நினைச்சுக்கங்கம்மா. ஆறு மாசத்துல சர்க்கரை குறையணும், அதுவரைக்கும் மலைக்குப் போகவேண்டாம். மாத்திரை மட்டும் பத்தாது, தினம் நடக்கணும். இல்லேன்னா அடுத்தது பாதம்தான்." ஏலச்செடி சமதரையில் நிற்பதில்லை. சரிவில் ஊன்ற இரண்டு பாதமும் வேண்டும். பாதம் போனால் மலை போச்சு என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது. மறுநாள் காலை தெருமுனையில் ஜீப்பு ஹாரன் அடித்தபோது கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் ரோஷம் வந்துவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் போடி பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள். பஸ்சில் திரும்பி வந்தவள் நாலு நாள் படுக்கையை விட்டு இறங்கவில்லை. தேறியதும் மறுபடி போடி, மறுபடி படுக்கை. மூன்றாவது தடவையும் அப்படியே. "நீ நடந்ததைவிடப் படுத்ததுதான் ஜாஸ்தி புள்ள" என்றார் புருஷன் பால்பாண்டி. அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. தொந்தியைத் தூக்கிக்கொண்டு கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் போய்வருகிற மனுஷன்.

மூன்றாவது படுக்கையின்போதுதான் கூட வேலை பார்க்கிற ரோஜா பார்க்க வந்தாள். தோட்டத்துக்குப் புதிதாக வந்த வித்யா செய்த கூத்தைச் சொல்லிச் சிரித்தாள். பை வெரசா நிறையட்டும் என்று அந்தப் பிள்ளை பிஞ்சும் காயுமாகச் சரத்தோடு உருவிவிட்டதாம். கங்காணி ஆடித் தீர்த்துவிட்டாராம். ஏலக்காய் ஒரே நாளில் முத்துவதில்லை. செடியடியில் குனிந்து சரத்தைப் புரட்டி, முத்தினதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். நாற்பது நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பப் போனால் அடுத்தது முத்தியிருக்கும். ஒரேயடியாக உருவினவளுக்கு அடுத்த சுற்றில் ஒன்றும் இருக்காது. வேலைக்குப் புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு இதைத் திட்டித் திட்டிச் சொன்னவள் மொக்கம்மாள். ரோஜா போனதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அடி கூறுகெட்டவளே, மூணு தடவையா நீ உருவிக்கிட்டுல்ல இருந்திருக்க!"

மறுநாள் முதல் கம்பம் வரை போய்த் திரும்பினாள். பால்பாண்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்புட்டுத்தானா?"

"இன்னைக்கு முத்துனது அம்புட்டுத்தான். நீங்க உங்க சோலியப் பாருங்க."

வாரத்துக்கு ஒரு கம்பம். அதற்கு மேல் கால் கெஞ்சினாலும் விடமாட்டாள், அதற்குக் கீழ் மழை கெஞ்சினாலும் நிற்கமாட்டாள். படுக்கப் போகும் முன் செருப்பைத் தெருப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பாள். வைகாசியில் நடையை அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். ஆடி முடிவதற்குள் நடை அவளை இழுக்கத் தொடங்கிவிட்டது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் செருப்புகள் தாமாகவே வாசற்படி இறங்கி நின்றன. புறப்பட்டுவிட்ட ஜீப்பில் தொற்றிக்கொள்வதைப் போல அவள் காலை நுழைத்துக்கொள்வாள். ஏலக்காய் விலை இறங்கிய செய்தியைக் கேட்பதுபோல் தெரு இதையும் கேட்டுக்கொண்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நடையைப் பார்க்கவே ஒரு தெம்பு வந்தது.

அப்புறம்தான் அந்தக் காய்ச்சல். டாக்டர் வைத்த கெடுவுக்கு இன்னும் மூன்றே வாரம். "விட்டுப்போச்சே, இம்புட்டும் வீணாப் போச்சே" என்று போர்வைக்குள் பொருமிக்கொண்டிருந்தவளுக்கு வாசலில் சரக் சரக் என்று சத்தம் கேட்டது. போய்க்கொண்டிருந்தது அவளுடைய நடைதான், அவளுக்குத் தெரியாதா? ஒன்பது நாள் அது தனியாகவே போய்வந்தது. நடுவில் வாரம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே பத்தொன்பதாவது கம்பத்தைச் சேர்த்துக்கொண்டது. ஈஸ்வரன் டீ ஆற்றுவதை நிறுத்தி, "அக்காவுக்கு இன்னும் காய்ச்சல் விடலையா?" என்று செருப்பிடம் விசாரித்திருக்கிறான். பத்தாம் நாள் மொக்கம்மாள் எழுந்து காலை நுழைத்துக்கொண்டாள். புதிதாகத் தொடங்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

ஐப்பசியில் டாக்டர் சுகன்யா ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். "கால் உங்களுக்குத்தாம்மா. ஒருநாளும் விடாம நடந்திருக்கீங்க."

"ஒம்போது நாளு நான் போகலம்மா. நடை மட்டுந்தான் போச்சு" என்றாள், பொய் சொல்லத் தெரியாதவள். டாக்டர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். மொக்கம்மாள் வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து, மிச்சமிருந்த ஒன்பது விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் மலையேறினாள். எடுப்பு மும்முரம் என்பதால் வாரம் முழுக்கத் தோட்டத்துக் குடியிருப்பிலேயே தங்கல். சரிவுக்குத் தோதாகக் காலைக் கடிக்காத பூட்சு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மேலேயும் ஐந்து மணிக்கு நடந்தாள். வீட்டில் விட்டுப்போன செருப்புகள் கீழே அவற்றின் பாட்டுக்குப் போய்வந்தன.

பால்பாண்டி ஐந்து நாள் கட்டிலில் கிடந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஆறாம் நாள் காலை செருப்புகள் தெருவில் இறங்கியதும் அவருக்கு என்ன தோன்றியதோ, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். "ஏ புள்ள, செத்த நில்லு. நானும் வர்றேன்."

செருப்புகள் நின்றன. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கிற வரைக்கும் நின்றன. பிறகு அவருக்கு முன்னால் மெதுவாக நடந்து, அன்றைக்கு முதல் கம்பத்தோடு திரும்பிவிட்டன.