மூன்றாம் சரணத்தில் ஒரு கட்டை

1991 மார்கழி இருபத்திரண்டாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. நெல்லியடியில் மண்டபத்தின் பக்கக் கதவடியில் றோஸ் ரீச்சர் கடற்கரை ஊரிலிருந்து கூட்டிவந்த தன் பாடற்குழுவை வரிசையாக நிறுத்தி எண்ணினாள். பெண்பிள்ளைகள் பத்து, பெரிய பெண்கள் நாலு, பின்வரிசையில் ஆண்கள் ஆறு. மின்சாரம் இல்லாதபடியால் கிறிஸ்மஸ் ஒளிவிழாவை வெயில் இருக்கும்போதே வைத்துவிட்டார்கள்.

உள்ளூர்க் குழுவை நடத்தும் மார்கிரட் கதவைத் தாண்டும்போது நின்றாள்.

"என்ன ரீச்சர், இந்தமுறையும் உங்கடை ஆக்கள் ஏணி வைச்சு ஏறுவினமோ?"

"ஏறினால் நீர் கீழை நிண்டு பிடியும்" என்றாள் றோஸ்.

பாட்டு அவளே கட்டியது. முதலிரண்டு சரணமும் இரண்டு கட்டைச் சுருதியில். மூன்றாவதில் பாலன் பிறக்கும்போது ஒரு கட்டை ஏற்றி, மூன்றில் முடிக்கவேண்டும். ஒன்றே ஒன்றுதான். ஆனால் பின்வரிசை ஆறுபேரும் கரைவலை இழுத்த கைகள். வலை பாரமாகப் பாரமாக, இழுவைப் பாட்டான அம்பாவைப் பாடுகிறவன் குரலை ஏற்றுவான், மற்றவர்கள் கூட ஏறுவார்கள், மீன் நிறைந்த வலைமடி கரைக்கு வரும்வரை இறங்கமாட்டார்கள். அதனால் போன வருசம் இதே மேடையில் வரிக்கு ஒரு கட்டையாக ஏறிப்போனார்கள். பெண்பிள்ளைகள் கீச்சிட, சபை சிரித்தது.

இந்த வருசம் பங்குச் சுவாமியார் வழி சொன்னார்: கட்டையை விடு, அல்லது ஆண்களை விடு. றோஸ் இரண்டுக்கும் மாட்டேன் என்றாள். ஒத்திகை முடிந்த அன்று, பின்வரிசையில் அம்பா எடுத்துக்கொடுக்கும் சிமியோன் தனியாக வந்து நின்றான்.

"தெரிஞ்சு செய்யேல்லை, ரீச்சர். ஒருக்கால் ஏத்தினால் உடம்பு நிக்குதில்லை. நேவிக்காரங்கள் கடலுக்கும் விடுறாங்களில்லை, இதொண்டுதான் இருக்கு. இந்தமுறையும் சிரிச்சினமெண்டால் நாங்கள் இனிப் பாட வரமாட்டம்."

மேடையில் முதலிரண்டு சரணமும் தண்ணீர்போலப் போயின. ஆர்மோனியத்தில் செல்வரட்ணம் மாஸ்டர் விரலை மாற்றினார். ஏற்றம் சுத்தமாக விழுந்தது. முதல் வரி மூன்றில் நின்றது. றோஸ் உள்ளங்கையைக் கீழே காட்டியபடி, நில், நில் என்று மனதுக்குள் சொன்னாள்.

இரண்டாம் வரியில் சிமியோனின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆறு குரலும் நாலு கட்டைக்குப் போயின.

சபையில் யாரோ களுக்கென்றார்கள். மாஸ்டர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மூன்றிலேயே அழுத்திப் பிடித்து ஆண்களை இழுத்து இறக்கலாம். ஒத்திகையில் அப்படித்தான் செய்தார்கள், ஒருமுறையும் சரிவரவில்லை. றோஸ் அந்த ஆறு முகங்களையும் பார்த்தாள். ஒருவரும் பிழைவிட்ட ஆட்களைப்போல இல்லை. வேலையில் நிற்கிற ஆட்களின் முகம் அது. கடலுக்குத் தடை வந்த இந்தப் பதினெட்டு மாதமாக அந்த முகத்தை ஊரில் அவள் காணவில்லை. இவர்களையா நான் இறக்குவது?

பெண்பிள்ளைகளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். பத்து வாயும் மூடின. பெரிய பெண்கள் கீழ்க்குரலுக்கு இறங்கினார்கள். பிறகு மாஸ்டரிடம் கையைத் திருப்பி, உள்ளங்கை மேலே பார்க்கக் காட்டினாள்.

மாஸ்டர் நாலுக்கு வந்தார். அடுத்த வரிக்கு ஐந்து. அதற்கு மேலே விரலை எடுத்துவிட்டு, துருத்தியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

களுக்கென்ற சத்தம் எப்போது நின்றதென்று றோஸுக்குத் தெரியாது. சபையின் முன்வரிசையில் மார்கிரட் மடியிலிருந்த பாட்டுக்கொப்பியை மூடிவைத்திருந்தாள். ஆறு பேரின் கைகளும் இல்லாத கயிற்றில் இறுகியிருந்தன. பாலனின் பெயர் வரும் ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அடி பின்வைத்தார்கள், மணலில் வைப்பதுபோலக் குதியை ஊன்றி. பின்னால் கட்டியிருந்த வெள்ளைச் சீலை அவர்கள் முதுகில் உப்பியது. அதில் குத்தியிருந்த வெள்ளித்தாள் நட்சத்திரங்கள் குலுங்கின. கடைசி வரி முடிந்தது. அவர்கள் முடிக்கவில்லை, அதையே இன்னும் ஒரு கட்டை ஏற்றி எடுத்தார்கள்.

றோஸின் கை அவர்களோடு மேலே போய்க்கொண்டிருந்தது.