குஞ்சு ஒட்டிருச்சா?

தண்ணீருக்குத் தேநீர் நிறம். காய்ந்த வாதாம் இலை ஊறி ஊறி இறங்கிய நிறம். அதன்மேல் ஒரு சின்ன விளக்கு. வெளியே ஐப்பசி மழை.

அந்த வெளிச்சத்தில் இரண்டு டிஸ்கஸ் மீன்கள், தட்டையாய், உள்ளங்கை அகலத்தில். நடுவே கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் பெண் மீன், அதன் உடம்பெல்லாம் கடுகு கடுகாய்க் குஞ்சுகள். அந்தப் பக்கம் ஆண் மீன், ஒற்றையாய்.

ஒற்றை மீன் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. காலையிலும் அப்படித்தான். மாலையிலும் அப்படித்தான்.

டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல் சாப்பாட்டை நாம் போட முடியாது. பெற்ற மீனின் மேல்தோலில் ஊறுகிற கோழைதான் அதற்குத் தாய்ப்பால். நீந்தத் தொடங்கியதும் தேடிப்போய் அதில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் பிழைக்கும். அதனால்தான் கொளத்தூரில் மீன் வளர்க்கிறவர்கள் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் முதலில் கேட்பது, "குஞ்சு ஒட்டிருச்சா?"

எத்திராஜையும் கேட்டார்கள். "ஒட்டிருச்சுப்பா" என்றான். வீட்டில் இன்னொரு குஞ்சு இருந்ததே. அது அவனோடு ஒட்டவில்லை.

துளசி. மூன்று வயது. ஆவணியில் தத்தெடுத்து வந்த பிள்ளை. வந்த அன்றைக்கு அவன் மனைவி மேகலாவின் புடவையைப் பிடித்தவள்தான், இன்னும் விடவில்லை.

எத்திராஜ் வந்தால் புடவைக்குப் பின்னால் போய்விடுவாள். அழமாட்டாள். ஒரு கண் மட்டும் வெளியே தெரியும். அழுதாலாவது சமாதானம் சொல்லலாம். அந்த ஒற்றைக் கண்ணை என்ன செய்வது?

பிள்ளை பயப்படக் கூடாதென்று ஒதுங்கினான். ஒதுங்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, அப்பேர்ப்பட்ட மனுஷன். அவள் கூடத்துக்கு வந்தால் இவன் சமையலறைக்குப் போவான். பொம்மை வாங்கி வந்தால் அறை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். மனசு மட்டும் அந்த வாசலிலேயே நிற்கும்.

மிச்ச நேரமெல்லாம் மீன்தொட்டி. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, மருந்து வாசனை போகிறவரை காற்றுக் குழாய் போட்டு வைப்பான். தொட்டியின் அடியில் மணல் கிடையாது, அழுக்கு தங்கிவிடும். கழிவை மெல்லிய குழாயில் உறிஞ்சி எடுப்பான். எடுத்த அளவுக்கு அதே சூட்டில் புதுத் தண்ணீர், சொட்டுச் சொட்டாய்.

சோப்பு வாசனை உள்ள கையால் தண்ணீரைத் தொடமாட்டான். சின்ன விளக்கை அணைக்கமாட்டான். இருட்டிவிட்டால் குஞ்சுகளுக்குத் தாய் எங்கே என்று தெரியாது. அப்படியொரு கண்ணும் கருத்தும்.

தடுப்பு போட்டதும் அவன்தான். போன தடவை இட்ட முட்டைகளை அந்த ஆண் மீன் ஒன்று விடாமல் தின்றிருந்தது. இந்தத் தடவை அது வாயைத் திறந்துகொண்டு குஞ்சுகள் பக்கம் வந்ததும் இவன் கண்ணாடியைச் செருகிவிட்டான். நல்லதுக்குத்தான் செய்தான்.

மழை விடவில்லை. பெண் மீனின் மேனி கறுத்தது. துடுப்பு மடங்கியது. தோலில் வெள்ளை வெள்ளையாய்க் கீறல். குஞ்சுகள் விட்டால்தானே! அது மூலைக்கு ஓடினால் மூலைக்கு, மேலே போனால் மேலே. சில குஞ்சுகள் பால் கிடைக்காமல் அடியில் விழுந்து கிடந்தன.

இடுப்பில் துளசியோடு மேகலா வந்து நின்றாள். தலை சீவவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு.

"என்னங்க, அந்தத் தடுப்ப எடுங்களேன்."

"தின்னுரும் மேகலா."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? அது ஒண்டியா எத்தனைக்குத்தான் ஈடு குடுக்கும்? உடம்பப் பாருங்க, பாவம்." நிறுத்தினாள். குரல் உடைந்தது. "எனக்கும் முடியலங்க. குளிக்கப் போனாக்கூட கதவத் தட்டிக்கிட்டே நிக்குது. நீங்க பாட்டுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போறீங்க. நான் ஒண்டியா மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தன்னைத்தான் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தான். அட, பைத்தியக்காரா!

கண்ணாடியை மெல்ல உருவினான்.

ஆண் மீன் உடனே வரவில்லை. நின்றது. பிறகு வந்தது. கூட்டத்திலிருந்து விலகித் தத்தளித்த ஒரு குஞ்சை லபக்கென்று வாயில் கவ்வியது.

"ஐயோ!" என்றாள் துளசி.

எத்திராஜின் கை தடுப்பைத் தேடியது. அதற்குள் ஆண் மீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்து அந்தக் குஞ்சைத் துப்பியது. முழுசாய். உயிரோடு.

பெண் மீன் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு விலகியது. குஞ்சுகள் சிதறின. ஒரு நொடி, அவை யாருடையவையும் இல்லை.

ஆண் மீன் துரத்தவில்லை. ஒதுங்கவும் இல்லை. உடம்பைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றது. ஒரு குஞ்சு போய்த் தொட்டுப் பார்த்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் கூட்டமாய்.

மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். துளசியைத் தரையில் இறக்கிவிட்டாள். "நான் குளிச்சிட்டு வரேன்." குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது.

துளசி கதவுப் பக்கம் ஓடினாள். தட்டக் கையைத் தூக்கினாள். திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். தொட்டி உயரம், கீழிருந்து ஒன்றும் தெரியாது.

எத்திராஜின் கால் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பியது. நிறுத்தினான். கிட்டே போகவில்லை. ஒதுங்கவும் இல்லை. அங்கேயே நின்றான், கொஞ்சம் குனிந்து.

மழைச் சத்தம். உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம். லுங்கியை யாரோ இழுத்தார்கள்.

"தூக்கு."

தூக்கினான். இவ்வளவுதானா கனம் என்றிருந்தது. அவள் கண்ணாடியில் விரல் வைத்து, குஞ்சுகள் மொய்த்த மீனைக் காட்டினாள்.

"இதுவும் அம்மாவா?"

"இல்லம்மா. அது அப்பா."

அந்தச் சொல்லை அவள் காது கேட்க அவன் சொன்னதே இல்லை.

"அப்பா" என்றாள் துளசி. மீனைப் பார்த்துத்தான் சொன்னாள். கை மட்டும் அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

தண்ணீருக்குத் தேநீர் நிறம். அதன்மேல் ஒரு சின்ன விளக்கு. நடுவே தடுப்பு இல்லை. வெளியே மழை. மேகலா இன்னும் குளித்துக்கொண்டிருந்தாள். குளிக்கட்டும், ஒன்றும் அவசரமில்லை.